கரித்துண்டுக்குப் பிறகு

2022ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி, தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு காலக் கணக்கை அறிவித்தார்: கி.மு. 2172. கிருஷ்ணகிரி மாவட்டம் தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு நடத்தியது. அங்கே 130 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் அது. அதற்கு மேலே 104 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 1615 என்று காட்டியது. தமிழ்நாட்டில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்ற முடிவு இந்த இரண்டு கரித்துண்டுகளின் மேல் நிற்கிறது.

மூன்று ஆண்டு முடிவதற்குள், 2025 ஜனவரி 23 அன்று, 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியானது. பேராசிரியர் கா. ராஜனும் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும் எழுதியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகின்றன என்றது அந்த அறிக்கை. மயிலாடும்பாறை பின்னுக்குப் போயிற்று. பேச்சும் அத்தோடு தெற்கே போய்விட்டது.

இந்தப் போக்கு எனக்கு வருத்தம் தருகிறது. சிவகளை முந்திக்கொண்டதில் வருத்தம் இல்லை. எந்த ஊர் முந்தியது என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோமே, அதுதான் வருத்தம். 4,200 ஆண்டுகளுக்கு முன் மயிலாடும்பாறையில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மாடு வைத்திருந்தார்கள், கோடைக்கு எங்கே போனார்கள், இரும்பைத் தாங்களே உருக்கினார்களா அல்லது வாங்கினார்களா? பழைய காலத்தைப் பற்றிய ஆய்வு இன்று உலகெங்கும் இந்தக் கேள்விகளின் பக்கம் திரும்பிவிட்டது. அவற்றைக் கேட்பதற்குக் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லைப்புறத்தைவிடத் தோதான மண் தமிழ்நாட்டில் குறைவு.

குந்தாரப்பள்ளிக் கூட்டுரோட்டில் நின்று சுற்றிலும் பார்த்தால் இது விளங்கும். பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலை, வரிசையாக லாரிகள், கிரானைட் அறுக்கும் பட்டறைகள், மாந்தோப்புகள், அவற்றுக்கு மேலே மொட்டைப் பாறைக் குன்றுகள். மேற்கே சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் ஒரு குன்று முழுக்கப் பெருங்கற்காலக் கல்திட்டைகள். கிழக்கே திருப்பத்தூர் மாவட்டத்தில் பையம்பள்ளி. 1960களில் இந்தியத் தொல்லியல் துறைக்காக எஸ்.ஆர். ராவ் தோண்டிய புதிய கற்கால ஊர். தென்கிழக்கே மயிலாடும்பாறை. 2024இல் இதே மாவட்டத்தின் சென்னானூரிலும் மாநிலத் துறை தோண்டத் தொடங்கியது. வடக்கே சின்னகொத்தூர், ஒய்சள மன்னன் இராமநாதனின் தலைநகராயிருந்த குந்தாணி. ஆனால் அது பதின்மூன்றாம் நூற்றாண்டு. நம் கேள்விகளுக்கு மிக அண்மைக் காலம்.

முதலில் காலக் கணக்கின் கதையைப் பார்த்துவிடலாம். 1947இல் மார்ட்டிமர் வீலர் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் தோண்டினார். அப்போது கார்பன் முறை கிடையாது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ரோமானிய வணிகத்தோடு சேர்ந்து கிடைத்த பானை வகைகளைப் பிரம்மகிரியிலும் அவர் கண்டார். ரோமின் காலம் தெரியும். அதை வைத்துப் பானையின் காலம். பானைக்குக் கீழே உள்ளது அதற்கு முந்தியது. இப்படிக் கணக்கிட்டுத் தென்னிந்தியப் பெருங்கற்காலம் ஏறக்குறைய கி.மு. 200இல் தொடங்கியது என்றார். தன்னிடம் இருந்த சான்றை வைத்து அவர் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டார். ஆனால் அவருடைய அளவுகோல் ரோமில் நட்டிருந்தது. ரோமுக்கு முந்திய எதையும் அதனால் அளக்க முடியாது. கி.மு. 200 எங்கே, கி.மு. 2172 எங்கே! இடையில் வந்ததுதான் இயற்பியல்.

சிகாகோவில் வில்லார்ட் லிபி 1949இல் கார்பன் முறையை நிறுவிக் காட்டினார். 1960இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஒரு வளையம் வளர்ந்து முடிந்ததும் அந்த வளையத்துக்கு வரவு நின்றுவிடும். பிறகு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். லிபியின் காலத்தில் இதற்குக் கிராம் கணக்கில் கரி வேண்டும். 1970களின் கடைசியில் வந்த முடுக்கி நிறை நிறமாலை முறைக்கு ஒரு நெல்மணி போதும். மயிலாடும்பாறை, கீழடி, சிவகளை எல்லாம் பேசத் தொடங்கியது இந்த முறையால்தான்.

ஆனால் வரவு நிற்பதைப் பற்றி மேலே நான் 'மரம்' என்று சொல்லாமல் 'வளையம்' என்று சொன்னதைக் கவனியுங்கள். முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் வைரப்பகுதியை ஒருவர் விறகாக எரித்தால், அந்தக் கரி அவர் அடுப்பு மூட்டிய நாளைச் சொல்லாது. முந்நூறு ஆண்டு முன்பு அந்த வளையம் வளர்ந்த நாளைச் சொல்லும். இதைப் பழைய மரச் சிக்கல் என்பார்கள். விதைக்கு அந்தச் சிக்கல் இல்லை. நெல் ஓராண்டுப் பயிர். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று முன்பே காட்டியிருந்தது. பிற தாழிகளிலிருந்து எடுத்த கரி கி.மு. மூவாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஒரே இடுகாட்டில் இத்தனை நீண்ட இடைவெளி எப்படி வந்தது? இரண்டாயிரம் ஆண்டு விடாமல் அங்கே அடக்கம் நடந்ததா, நடுவில் விட்டுப்போய்த் திரும்ப வந்தார்களா, கரிகளில் பழைய மரமும் இருக்கிறதா? இது குறை காணும் கேள்வி அல்ல. அடுத்த அகழாய்வுக்கு வேலை கொடுக்கும் கேள்வி.

இன்னொரு சிக்கல், அதிகம் பேசப்படாதது. கி.மு. 800க்கும் 400க்கும் இடையே காற்றில் கார்பன்-14இன் அளவு ஏறி இறங்கியதால், அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது வளர்ந்த பொருளானாலும் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். இதற்கு ஹால்ஸ்டாட் சமதளம் என்று பெயர். 2019இல் வெளியான கீழடிக் காலமான கி.மு. 580 சரியாக இதற்குள் விழுகிறது. அது தவறு என்று பொருளல்ல; ஒரு நீண்ட இடைவெளிக்கு நடுவே வைத்த புள்ளி என்று பொருள். இதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. ஒரே குழியில் கீழிருந்து மேலாகப் பத்து, இருபது மாதிரிகள் எடுத்து, கீழே இருப்பது மேலே இருப்பதைவிட மூத்தது என்ற நிபந்தனையையும் கணக்கில் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் புள்ளியியலால் இறுக்குவது. பேயஸ் முறை என்பார்கள். பிரிட்டனில் பல கற்காலச் சின்னங்களின் காலத்தைத் தலைமுறைக் கணக்கில் சொல்லும் அளவுக்கு இந்த முறை கொண்டுவந்துவிட்டது. மயிலாடும்பாறையின் காலம் இந்தச் சமதளத்தில் சிக்கவில்லை. ஆனால் அங்கே நம் கையில் இருப்பவை மிகச் சில மாதிரிகளே. காலம் கணித்த மட்டத்துக்குக் கீழே இன்னும் 25 செ.மீ. பண்பாட்டு மண் இருக்கிறது என்று அகழாய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். புதிய கற்காலம் அங்கே கி.மு. 2200க்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து வந்தது. மயிலாடும்பாறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த 25 செ.மீ. மண்தான்.

கரியே இல்லாத இடத்தில்? அதற்கு ஒளித்தூண்டல் முறை. மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள், சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கத்தால் கைபேசி மின்கலம் சார்ஜ் ஏறுவதுபோல் மெல்ல மெல்ல ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் அது காலியாகிவிடும். சூளையில் சுட்டாலும் காலியாகிவிடும். ஆகவே ஒரு துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது, ஒரு பானை கடைசியாக எப்போது சூடேறியது என்பதை இருட்டறையில் அளந்து சொல்லலாம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சக ஆய்வாளர்களோடு 2018இல் வெளியிட்ட 3,85,000 ஆண்டுக் கணக்கு இந்த வகை அளவீட்டில் வந்ததுதான். கல்திட்டைகளுக்கு இது மிகவும் பொருந்தும். மல்லச்சந்திரத்துத் திட்டைகள் வெறும் பாறைமேல் நிற்கின்றன. பல எப்போதோ கலைக்கப்பட்டவை. உள்ளே நம்பத்தக்க கரி கிடைப்பது அரிது. ஆனால் பலகையை நிறுத்தி அண்டைகொடுத்த அன்று அதன் அடியில் போய் மூடுண்ட மண் எங்காவது மிஞ்சியிருந்தால், அது அன்றைக்குப் பிறகு வெயிலைப் பார்த்ததில்லை.

அந்தப் பலகைகளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஓர் ஆள் நீளத்துக்கும் மேல், ஆனால் கனம் ஒரு சாண் அளவுதான். அதுவும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய ஒரே சீர். உளி வைத்து இழைத்தது அல்ல. ஓரங்களில் மட்டும் தட்டித் தட்டிச் சீவிய பிறை வடிவத் தழும்புகள் தெரியும். நடுவில் தழும்பே இருக்காது. இந்தப் பகுதியின் பாறைக் குன்றுகள் வெயிலிலும் குளிரிலும் தோல் தோலாக உரிபவை. அந்தப் படலத்தை மேலே தீமூட்டிச் சூடேற்றி, சத்தத்தை வைத்து எதுவரை விட்டிருக்கிறது என்று பார்த்து, நெம்பி எடுக்கும் வழக்கம் பெங்களூர் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. 1895இல் 'நேச்சர்' இதழில் இந்தியக் கிரானைட் எடுக்கும் இந்த முறையைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருக்கிறது. பெருங்கற்கால மக்களும் இப்படித்தான் எடுத்தார்களா என்பதைச் சோதித்தே பார்த்துவிடலாம். தீ பட்ட பாறையில் நுண்விரிசல்கள் வேறு மாதிரி ஓடும், நுண்ணோக்கியில் தெரியும். இப்படிச் செய்து பார்த்து அறியும் துறைக்குச் சோதனைத் தொல்லியல் என்று பெயர். இந்த வட்டாரத்தில் கல்லைத் தட்டிச் சத்தத்தால் அதன் உள்நிலையைச் சொல்லும் கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களைக் கூலிக்கு மண் அள்ளுபவர்களாக மட்டும் அகழாய்வுக்கு அழைப்பது பெரிய இழப்பு.

இரும்புக்கு வருவோம். தாழியில் கிடைக்கும் வாள், வாளை வைத்திருந்தவரைச் சொல்லும். வாளைச் செய்தவரைச் சொல்லாது. செய்தவரைச் சொல்வது கிட்டம். தாதுவை உலையில் இட்டால் இரும்பு ஒரு கட்டியாகச் சேர, மற்றதெல்லாம் உருகிக் கரிய பாகாக வழிந்து இறுகிவிடும். அந்தக் கருப்புக் கட்டிகள் யாரும் விரும்பிச் சேர்க்காத குப்பை. ஆகவே எங்கே உருக்கினார்களோ அங்கேயே கிடக்கும். அதற்குள் சிக்கிய கரித்துணுக்கைக் காலம் கணித்தால், அது நேரே உலை எரிந்த காலத்துக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டு நிறுத்தும். உத்தரப்பிரதேசத்தின் மல்ஹர் முதலான ஊர்களில் ராகேஷ் திவாரி 2003இல் ஏறக்குறைய கி.மு. 1800 என்ற காலத்தை முன்வைத்தபோது அந்த வாதத்துக்கு வலு சேர்த்தது உலைகளும் கிட்டமும். நம் பக்கமோ தாது நிறைந்த பழைய சேலம் மாவட்டத்தின் நிலம். 1830களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். கிட்டமேடுகளை ஊர் ஊராகக் கணக்கெடுத்துக் காலம் கணிக்கும் வேலை ஒரு வாளைக் கண்டெடுப்பதைப்போல் செய்தியாகாது. ஆனால் தமிழகத்தின் இரும்பு பற்றிய வாதம் உலக அறிஞர்களிடையே நிலைப்பதும் நிலைக்காததும் கடைசியில் இதைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

இரும்புக்கு முன் கல். கிருஷ்ணகிரி, சவ்வாது மலைப் பக்கத்து ஊர்க்கோயில்களில், பிள்ளையார் முன்போ அம்மன் முன்போ கருப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும் சில கற்கள் வைத்திருப்பார்கள். ஒரு முனை குவிந்து, மறுமுனை விரிந்து, விரிந்த முனையில் கத்தியின் வாய்போல் வழுவழுப்பாகத் தேய்த்த விளிம்பு. உழும்போது கிடைத்தவை. புதிய கற்காலக் கோடரிகள். மேல்பாதியில் கொத்திய புள்ளிகள் சொரசொரப்பாக இருக்கும். பிடியில் செருகும் பகுதி என்பதால் அங்கே தேய்க்க வேண்டியதில்லை. அவற்றில் பல டோலரைட் என்ற பாறை. இந்த மாவட்டத்தின் வெளிர்நிறப் பாறைகளுக்கு ஊடே கருஞ்சுவர்போல் நீளும் டோலரைட் தகடுகள் நிறைய. இன்று 'பிளாக் கிரானைட்' என்ற பெயரில் அறுத்து மெருகேற்றி ஏற்றுமதி ஆவது அதே கல். நாலாயிரம் ஆண்டு முன்பு தேர்ந்தெடுத்ததற்கும் இன்று தேர்ந்தெடுப்பதற்கும் ஒரே காரணம்: நுண்மணிப் பாறை, ஒரே சீர், நன்றாக மெருகேறும்.

பெல்லாரி அருகே சங்கனகல்லுவில் ஒரு டோலரைட் தகட்டை ஒட்டியே கோடரிப் பட்டறை நடந்திருக்கிறது. சில்லுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒவ்வொரு தகட்டுக்கும் நுண்ணிய தனிமங்களின் அளவில் ஒரு கைரேகை உண்டு. கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியைக் கல்மேல் வைத்தால், கல்லைச் சிதைக்காமல், கோயிலிலிருந்து நகர்த்தக்கூட நகர்த்தாமல், ஓரளவு அந்தக் கைரேகையை எடுத்துவிடலாம். எந்தக் குன்றின் கல் எந்த ஊர் வரை போயிற்று என்ற வரைபடம் அதிலிருந்து பிறக்கும். புதிய கற்காலத்தின் போக்குவரத்து வரைபடம் அது. நாணயமும் கல்வெட்டும் இல்லாத காலத்துக்கு இதைவிட நேரான சான்று எது?

மாடு, ஆடு பற்றிப் பேசாமல் குந்தாரப்பள்ளியைத் தாண்ட முடியாது. வெள்ளிக்கிழமை அங்கே கூடும் வாரச்சந்தைக்கு ஆந்திர, கர்நாடக வியாபாரிகளும் வருகிறார்கள்; பண்டிகைக்கு முந்திய வாரம் ஆடு விலைதான் நாளிதழில் செய்தி. இந்த மூன்று எல்லை நிலம் எப்போதும் மேய்ச்சல் நிலம். பல்லவர் காலம் தொட்டு இந்தப் பகுதியில் நிற்கும் நடுகற்களில் எத்தனையோ, மாடு கவரவும் மீட்கவும் நடந்த சண்டையில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. இரா. நாகசாமி தலைமையில் மாநிலத் தொல்லியல் துறை 1970களில் செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களைத் தேடித் தேடிப் படித்து வெளியிட்டதால்தான் அந்த வரலாறு நமக்குக் கிடைத்தது.

அதற்கும் மூவாயிரம் ஆண்டு முன்பு? வடக்கே ராய்ச்சூர், பெல்லாரிப் பக்கம் சாம்பல்மேடுகள் இருக்கின்றன. சாணியைக் குவித்து, குவியலை எரித்து, எரிந்ததன்மேல் மீண்டும் குவித்து எழுந்த மேடுகள். ரேமண்ட் ஆல்ச்சின் 1957இல் உட்னூரில் ஒன்றைத் தோண்டியபோது பட்டிக்கால்களின் குழிகளோடு மாட்டுக் குளம்புத் தடங்களே மண்ணில் பதிந்து கிடந்தன. ஏன் எரித்தார்கள் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை: நோய்க்குப் பயந்தா, சடங்குக்கா, தற்செயலாகவா? எனக்குச் சடங்கு என்ற விளக்கம்தான் பொருந்தி வருகிறது. தற்செயலாக ஒரே இடத்தில் இத்தனை முறை தீப்பிடிக்காது. ஆனால் நம் வட்டாரத்துக்கான கேள்வி வேறு. அதே கோடரி, அதே மாதிரிப் பானை, அதே மாடு இங்கும் இருக்க, அந்தப் பெரிய மேடுகள் மட்டும் தெற்கே வரவர ஏன் இல்லாமற் போகின்றன? இங்கே மந்தை சிறிதா, அல்லது சாணியை வேறு எதற்காவது பயன்படுத்தினார்களா? வயலில் பட்டிபோட்டு உரமேற்றும் பழக்கம் அவ்வளவு பழையது என்று காட்ட முடிந்தால், தென்னிந்திய உழவின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். பழைய வயல்மண்ணில் சாணத்தின் கொழுப்புப் பொருள்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேதியியல் முறை இன்று உண்டு.

மந்தை எங்கெல்லாம் போயிற்று என்பதைப் பல் சொல்லும். ஆடு குட்டியாக இருக்கும்போது தின்ற புல், குடித்த நீர் வழியாக அந்த நிலத்துப் பாறையின் ஸ்ட்ரான்ஷியம் பல் எனாமலில் பதிகிறது. பிறகு அது மாறுவதில்லை. மிகப் பழைய பாறை நிலத்தில் ஸ்ட்ரான்ஷியம்-87இன் விகிதம் பொதுவாக உயர்ந்திருக்கும். கிருஷ்ணகிரியின் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை உள்ளவை. கடற்கரைச் சமவெளியின் மண் வேறு. பல்லை அடியிலிருந்து நுனிவரை கோடுகோடாகச் சுரண்டி ஆக்சிஜனையும் அளந்தால், மழைக்காலமும் கோடையும் மாறி மாறித் தெரியும். ஹரப்பாவிலும் குஜராத்தின் சிந்துவெளி ஊர்களிலும் இப்படி மனிதர், மந்தைகளின் நடமாட்டத்தைப் படித்திருக்கிறார்கள். இங்கே முதல் வேலை அகழாய்வு அல்ல. ஓசூர் மேட்டிலிருந்து காவிரிக் கரை வரை, பாறை மாறும் இடமெல்லாம் செடியும் நத்தைக்கூடும் சேகரித்து இன்றைய அடிப்படை வரைபடம் ஒன்றைத் தயாரிப்பது. கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் சேகரித்துவிடலாம்.

டி.என்.ஏ.வைப் பற்றி அவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டேன். சிந்துவெளி ஊரான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியைத்தான் 2019இல் வெளியிட முடிந்தது. இந்த வெயிலிலும் எலும்பை அரிக்கும் செம்மண்ணிலும் அதைவிட நன்றாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 

களியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. இந்தப் பக்கத்து மக்களின் அன்றாட உணவு கேழ்வரகு. அதன் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். எப்போது இங்கே வந்தது? பையம்பள்ளி அகழாய்வில் கொள்ளு, பாசிப்பயறோடு கேழ்வரகும் கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் கருகிய சிறுதானியத்தில் உமி போய்விடும். வரகு, சாமை, தினை எல்லாம் ஒன்றுபோல் உருண்டையாகத் தெரியும். டோரியன் ஃபுல்லர் 2003இல் இந்தியாவில் கிடைத்ததாகச் சொன்ன பழைய கேழ்வரகுச் சான்றுகளை ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்து, பெரும்பாலானவை நிற்கவில்லை என்றார். கர்நாடகத்தின் ஹல்லூரில் ஏறக்குறைய கி.மு. 1000ஐச் சேர்ந்ததைத் தவிர. அவரும் ரவி கோரிசெட்டரும் மற்றவர்களும் சேர்ந்து பெல்லாரிப் பக்கத்து ஊர்களில் கண்டது வேறு உணவு: கொள்ளு, பாசிப்பயறு, கர்நாடகக் கடைகளில் இன்று கொரலே என்று விற்கும் சிறுதானியம். எல்லாம் இந்த மண்ணிலேயே விளைந்தவை. வெளியிலிருந்து உழவு வந்தது என்ற பழைய கதைக்கு நேர்மாறாகத் தென்னிந்தியாவில் தானாகவே ஓர் உழவு தொடங்கியதற்கு அது சான்று.

இதைக் கண்டுபிடித்த கருவி ஒரு தண்ணீர்த் தொட்டி. தோண்டிய மண்ணைக் கூடை கூடையாக அதில் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் தங்கும். கருகிய விதை மிதக்கும். அரை மில்லிமீட்டர்க் கண் உள்ள சல்லடையில் அதை வடித்து நிழலில் உலர்த்தி நுண்ணோக்கியின்கீழ் பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் கண் நோகும் வேலை. மிதப்பு முறையை ஒவ்வொரு குழியிலும் கட்டாயமாக்கினால், மயிலாடும்பாறையின் அந்த 25 செ.மீ. மண் கேழ்வரகுக்கு முந்திய களி எது என்று சொல்லிவிடலாம். அதே விதையைக் காலமும் கணிக்கலாம். பழைய மரச் சிக்கல் அதற்கு இல்லை.

இன்றைய மாநில எல்லை அண்மைக் காலத்தில் போட்ட கோடு. ஆனால் ஆய்வு அந்தக் கோட்டைத் தாண்டத் தயங்குகிறது. இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் இன்னொரு துறை, கிழக்கே ஆந்திரத்தின் குப்பத்துக்கு வேறு துறை. பானை வகைப்பாடும் காலப் பெயர்களும் அறிக்கை மொழியும் தனித்தனி. தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே தேநீர்க்கடையில் கேட்கும் இந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் தோன்றும். திராவிட மொழிகளின் சொற்களைப் புள்ளியியலால் ஒப்பிட்டு விஷ்ணுப்ரியா கோலிபாகமும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குடும்பம் ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன்பு கிளைவிடத் தொடங்கியது என்றது. மயிலாடும்பாறைக் கரியின் காலத்துக்கு அது அருகில் வருகிறது. பானை எந்த மொழி பேசியது என்று பானை சொல்லாது. இந்த இரண்டையும் ஒட்டவைக்க அவசரப்படக் கூடாது. ஆனால் தமிழும் கன்னடமும் தனித்தனியாகப் பிரிவதற்கு முந்திய மக்களைப் பற்றிப் பேசும்போது, தமிழ்நாட்டுத் தொன்மை, கர்நாடகத் தொன்மை என்று பங்கு பிரிப்பதில் பொருளே இல்லை. பிரம்மகிரியும் சங்கனகல்லுவும் மயிலாடும்பாறையும் பையம்பள்ளியும் ஒரே மேட்டுநிலத்தின் ஊர்கள். அவற்றை ஒரே அட்டவணையில் வைத்துப் படிக்கும் ஒரு கூட்டு அகழாய்வு வேண்டும்.

நேரம் அதிகம் இல்லை. 1970களில் ஓசூர் சிப்காட்டோடு தொடங்கிய தொழில் வளர்ச்சி இப்போது சூளகிரி, குருபரப்பள்ளி வரை வந்துவிட்டது. வேலை கொடுத்த வளர்ச்சி அது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. தோண்டப்படுவதற்கு முன் இந்த நிலம் எப்படி இருந்தது என்பதற்கு எதிர்பாராத ஒரு சான்று கிடைத்திருக்கிறது: 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள். 1995இல் ரகசியம் நீக்கி வெளியிட்டார்கள். மேற்கு ஆசியாவில் அழிந்த ஊர்களையும் பழைய பாதைகளையும் இவற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குறித்துவிட்டார்கள். அவற்றில் நல்லவை ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை பிரித்துக் காட்டும். ஒரு கல்திட்டை தெரியாது, ஆனால் பெரிய கல்வட்டங்களின் கூட்டம், தூர்ந்த ஏரி, மந்தை நடந்து குழிந்த பாதை தெரியலாம். இன்று குவாரியாகிவிட்ட குன்றுகளும் அதில் முழுதாக நிற்கின்றன.

குவாரிக்கு நிலம் எடுப்பவர்கள் கல்லின் மாதிரியை எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். நிறமும் உறுதியும் பார்க்க வேண்டுமே. அந்த மாதிரியில் ஒரு கைப்பிடி அளவு துண்டு, எந்தக் குன்றின் எந்தத் தகட்டிலிருந்து எடுத்தது என்று எழுதிய சீட்டோடு, மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்கோ கட்டாயமாகப் போக வேண்டும் என்று ஒரு வரி ஆணை போட்டால் போதும். குன்று கப்பலேறிப் போன பிறகும், அதிலிருந்து செய்த கோடரி எந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.